மனுவில் எழுத வராத பெயர்

போன வாரம் எங்கள் ஒதியம்பட்டில் ஒரு குட்டையிலிருந்த மீன் அத்தனையும் ஒரே காலையில் செத்து மிதந்தது. கொலைகாரனைப் பிடிக்கச் சொல்லி ஊர் நிர்வாகத் தலைவரான மேர் ஐயாவுக்கு மனு எழுத வேண்டும். ஊரில் மனு எழுதத் தெரிந்தவன் யார்? அடியேன்தான்.

கொலைகாரன்?

அதுவும் அடியேன்தான்.

புதுச்சேரியில் ஒரு துரை வீட்டுத் தோட்டத்தில் திராட்சைக் கொடி பார்த்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. குச்சி வாங்கி வந்து நட்டேன். இரண்டு வருஷமாகியும் ஒரு பழமில்லை. இலையில் சாம்பல் பூத்ததுதான் மிச்சம். "மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைச்சு அடிங்க, பிரான்ஸ்ல அப்படித்தான் அடிக்கிறாங்களாம்" என்றான் துரை வீட்டுத் தோட்டக்காரன். பிரான்ஸ் என்றால் போதாதா? ஒரு கொடிக்கு இரண்டு செம்பு போதும். நான் ஒரு பீப்பாய் கரைத்தேன். மயில்துத்தத்தைத் தாராளமாகப் போட்டேன். அதன் விஷத்தை அடக்கும் சுண்ணாம்புதான் பாதியில் தீர்ந்துவிட்டது.

அடித்தது போக பீப்பாய் நிறைய நீலத் தண்ணீர்.

"இங்க ஊத்தாதீங்க, கெணறு இருக்கு" என்றாள் என் மனைவி செங்கமலம்.

நியாயம்தானே? கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கவிழ்த்தேன். வீட்டுக் கிணற்றைக் காப்பாற்றிய திருப்தி. வாய்க்கால் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. அது அஞ்சலையின் குட்டைக்குப் போகிறது.

அஞ்சலை எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் இல்லை. ஏரியிலிருந்து மீன்குஞ்சுகளைப் பானையில் சுமந்து வந்து விட்டு, வளர்த்து, வில்லியனூர் சந்தையில் விற்றுப் பிழைக்கிறவள். மறுநாள் காலை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதுண்ணே. மருந்து வெச்சது எங் கொழுந்தன் கண்ணுசாமிதான்."

"நீ பார்த்தியா?"

"பாக்கணுமா இன்னா? வேலித் தகராறுல ரெண்டு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. வேற யாரு பண்ணுவா?"

'மகா கனம் பொருந்திய மேர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று அழகாகத்தான் ஆரம்பித்தேன். பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும்... பேனா நகரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் குட்டைக்கரையில் கண்ணுசாமி. யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதே என்று செத்த மீன்களை அள்ளிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

உள்ளேயிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. "பேர எழுதியாச்சா? இல்ல, நான் வந்து சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டேன். பீப்பாய், நீலத் தண்ணீர், வாய்க்கால் — எல்லாவற்றையும். அஞ்சலை மனுத் தாளை என் முன்னாலிருந்து இழுத்து மடித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"பேனாவ வையுண்ணே" என்றாள். "வந்து தண்ணிய எற."

"எறைச்சு எங்க விடறது?"

"உன் கத்திரித் தோட்டத்துலதான். வேற யாரு தலையில கட்டுவ?"

இறைகூடைக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்ப்பக்கக் கயிற்றை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டான் கண்ணுசாமி. அவன் பெயரை எழுதவிருந்தேன் என்று அவனிடமும் சொன்னேன். "தெரியும், வலிச்சுப் புடி" என்றான். மூன்று நாள் இறைத்தோம். கழிவைக் கொட்டிவிட்டுத் 'தொலைந்தது' என்று கை கழுவுகிறோமே, அது எங்கே தொலைகிறது? ஒரு வீடு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் அஞ்சலை கூழ் கொண்டுவந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கொழுந்தனிடம் வாய் திறந்தாள்.

"இன்னா கண்ணுசாமி, கூடை அந்தப் பக்கம் ஒசரவே இல்ல?"

"எழுதற கை அண்ணி. அவ்ளோதான் ஒசரும்."

இருவரும் சிரித்தார்கள். குட்டையில் இனிமேல்தான் புதுக் குஞ்சு விட வேண்டும். பானை சுமக்கும் வேலையும் எனக்குத்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.

இந்த வாரப் பத்தியை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார இடுப்பு சம்மதிக்கவில்லை.