தெருவில் நடந்த நீலச் சட்டை

தெருமுனை இஸ்திரிக்காரக்கா ஏழு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தபோது அழவில்லை. அவருடைய பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மாதம் தெருவெல்லாம் டப்டப்பென்று நடந்தாள். ஐம்பத்தாறு வயதில் புருஷன் போனபோதும் அழுகை வரவில்லை. வாரம் தவறாமல் அவருடைய நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

"இத யாரும்மா போட்டுக்கப் போறாங்க?" என்று மகள் சலித்துக்கொள்வாள்.

"கசங்கியிருந்தா அவருக்குப் பிடிக்காதுடி."

ஒரு நாள் அந்தச் சட்டையைக் காணோம். அவள் துணி மூட்டைகளைக் கலைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது, அது தெருவில் நடந்து வந்தது. உள்ளே இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் துணிகளோடு இவளே கைமறதியாக மடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"அண்ணே, அது என் வீட்டுக்காரர் சட்டை!"

"அதானே பார்த்தேன்! தொப்பை குறைஞ்சிருச்சுன்னுல்ல சந்தோஷப்பட்டேன்!" பதறிப்போய் அங்கேயே பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"ஐயய்யோ, நடுத்தெருவுலயா? பொத்தானப் போடுங்கண்ணே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே, இத்தனை நாள் வராத அழுகையும் வந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களே வெச்சுக்கங்க. ஆனா துவைச்சதும் இஸ்திரிக்கு எங்கிட்டதான் வரணும்."