பொட்டு அழிந்த படம்

மகளுக்கு ஆறு மாதம் முடிந்தபோது, அவளுக்குச் செய்துகொடுக்கும் கூழ், கஞ்சி பற்றி எழுத ஒரு சின்ன இணையதளம் தொடங்கினேன். முளைகட்டிய கேழ்வரகை அரைத்துப் பால் பிழிவது, கட்டி தட்டாமல் கிண்டுவது, எவ்வளவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று எல்லாம் எழுதினேன். வேலையை விட்டிருந்த எனக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. கூழ் வாயோரம் ஒழுகச் சிரிக்கும் மகளின் படத்தையும் போட்டேன். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. "நாலு பேர் பார்க்கற இடம், சும்மா போடாதம்மா" என்று மாமியார் வைத்துவிட்டது.

ஒருநாள் காலை உறையூரிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, பாப்பா விளம்பரத்துல எல்லாம் வர்றா, சொல்லவே இல்லையே!"

அவள் அனுப்பியதைத் திறந்தேன். ஏதோ சத்துமாவு விற்கிற தளம். என் மகள்தான். பொட்டு மட்டும் இல்லை. யாரோ அதைத் துடைத்து, கன்னத்தை வழவழப்பாக்கியிருந்தார்கள்.

மாமியாரிடம் காட்டியிருக்க வேண்டாம். படம் திருடுபோனது அவருக்குப் பெரிதாகவே படவில்லை. "பொட்டை எதுக்கும்மா அழிச்சான்? அது அவனை என்ன பண்ணுச்சு?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே என் தளத்தில் ரைட் கிளிக்கைப் பூட்டினேன். கணினியில் வலது பக்கம் அழுத்தினால் ஒன்றும் வராது. போனில் விரலை அழுத்திப் பிடித்தாலும் படத்தையோ எழுத்தையோ எடுக்க முடியாது. கதவைத் தாழிட்ட நிம்மதி சில வாரம்தான் இருந்தது. கேழ்வரகுக் கூழ் என்று தேடிப் பார்த்தபோது, முதல் பக்கத்தில் இருந்த என் தளம் எங்கோ கீழே கிடந்தது. மாவுக்காரன் மேலே இருந்தான், பொட்டில்லாத என் மகளோடு.

பூட்டியதால்தான் இறங்கினேனா? திறந்தால் இன்னும் யார் யார் எடுத்துப்போவார்கள்? பூட்டை எடுத்தேன். குழந்தை தூங்கியதும் மறுபடி போட்டேன். அவள் விழிப்பதற்குள் அதுவும் தப்போ என்று தோன்றியது. "முதல்ல சாப்பிடு" என்றார் கணவர்.

தாங்காமல், தென்னூரில் இணையதளங்கள் செய்துகொடுக்கும் கல்லூரித் தோழியிடம் போனேன். பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டு அவள் சிரித்தாள்.

"லூசு, சர்ச் என்ன மவுஸைப் பிடிச்சுக்கிட்டா உன் பக்கத்தைப் படிக்குது? அது பின்னாடி இருக்கற கோடிங்கைப் படிக்கும். ரைட் கிளிக் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அப்ப ஏன்டி இறங்குச்சு?"

"அதுக்கு நூறு காரணம் இருக்கும். ஆனா நீ போட்டிருக்கற பூட்டைப் பாரு."

தன் போனில் என் பக்கத்தைத் திறந்தாள். திறக்கவே நேரமானது. தண்ணீர் அளவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். நகலெடுக்க அனுமதி இல்லை என்று ஒரு சிவப்புப் பெட்டி திரையை மறைத்தது.

"அளவை காப்பி பண்ணி அக்காவுக்கு அனுப்பலாம்னு வர்றவளை இப்படித் திட்டி அனுப்புறியே. பக்கமும் ஆமை மாதிரி வருது. ரேங்க்கை ஏதாவது இழுத்திருந்தா இதுங்கதான் இழுத்திருக்கும்."

"படத்தையாவது காப்பாத்தும்ல?"

அவள் போனின் பக்கவாட்டுப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். பூட்டுக்கு உள்ளே இருந்த என் மகள் ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்து உடனே அதை அழித்தாள்.

"அசல் படம் வெச்சிருக்கியா? பொட்டோட?"

வைத்திருந்தேன். அதைக் காட்டி, படம் என்னுடையது என்று தேடுபொறிக்கும் அந்தத் தளத்துக்கும் புகார் அனுப்ப உதவினாள்.

வீட்டுக்கு வந்து பூட்டை எடுத்தேன். மகளின் படத்தையும் எடுத்துவிட்டு, கிண்ணத்தைப் பிடித்திருக்கும் அவள் கையை மட்டும் போட்டேன். மாமியார் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கையிலயும் ஒண்ணு வெச்சிருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு பேத்தியை உட்காரவைத்தார். "அந்தப் படத்தையும் எடும்மா" என்றார்.

மாவுத் தளத்தைத் திறந்தேன். புகாருக்குப் பதில் வரவில்லை. படம் அங்கேயே இருந்தது. போனை மகளின் பக்கத்தில் நிறுத்திவைத்தேன். இருவருக்கும் சேர்த்து மாமியார் சுற்றினார். நடுவில் திரை அணைந்துவிடாமல் நான் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன்.