சுடுகிற கட்சி

மோதிரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுகிறார் வெரோனிகா. துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொள்கிறார். செருப்பை உதறி எந்திரத்துக்கு அடியில் தள்ளிவிடுகிறார்; வெறுங்காலில் நின்றால்தான் குறி தப்பாதாம். கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாட்டுப் பாடிவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் சிவப்புத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, "வாங்கடா, வாங்க" என்று விருந்தாளிகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறார்.

புதுச்சேரி முதலியார்பேட்டை வெரோனிகாவுக்கு வயது நாற்பத்தாறு. தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் சின்னத் தொழிற்கூடத்தில் வேலை. அங்கேயும் கையில் துப்பாக்கிதான், சூடான பசையைப் பீய்ச்சுகிற துப்பாக்கி. வாரத்தில் ஆறு நாள் அதன் விசையை அமுக்கிப் பெட்டிகளின் வாயை ஒட்டுகிறவர், ஏழாம் நாள் கடலூர் சாலை வணிக வளாகத்தின் மேல்மாடி விளையாட்டுக்கூடத்துக்கு வந்து, காசு கொடுத்து இன்னொரு விசையை அமுக்குகிறார். கூட வேலை செய்யும் மேனகாவுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. வெரோனிகாவிடம் பதில் தயாராக இருக்கிறது: "அங்க நாளெல்லாம் அமுக்கறேன். ஒரு பொட்டியாச்சும் ஐயோன்னு கத்துதா? இங்க ஒரு நண்ட சுட்டா பக்கத்துல இருக்கற நண்டெல்லாம் சேந்து வெடிக்குது."

ஆட்டம் எளிமையானது. ஒரு துறைமுகம். கடலுக்குள்ளிருந்து ராட்சதப் பிராணிகள் படையெடுத்து வருகின்றன. அவற்றைச் சுட வேண்டும், அவ்வளவுதான். ஆட்டத்தைச் செய்தவர்கள் அவற்றுக்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். வெரோனிகா மீன் மார்க்கெட்டுப் பெயர்களையே வைத்துக்கொண்டார். கூட்டமாக வந்து மொய்ப்பவை நெத்திலி. வாலைச் சுழற்றி அடிப்பது திருக்கை. கடைசியில் கப்பலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழும் எட்டுக் கை பூதம் பேய்க்கணவாய். குண்டு தீர்ந்தால் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே காட்டினால் போதும், நிரம்பிவிடும். மற்றவர்கள் தரையைக் காட்டுவார்கள். வெரோனிகாவோ கை கழுவிய நீரை உதறுவதுபோல் தோளுக்கு மேலே ஓர் உதறு உதறுவார். அந்த உதறலை வேடிக்கை பார்த்தே பக்கத்து எந்திரத்துக்காரர்கள் தங்கள் ஆட்டத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

எல்லா ஆட்டமும் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அக்காள் மகன் நிலவன் வீட்டுப் பெரிய டிவியில் ஓர் ஆட்டம் இருக்கிறது. அதில் ஒரு வீரன் காட்டில் நடப்பான், குதிரை ஏறுவான், வழியில் வருகிற எல்லோரிடமும் நின்று பேசுவான். வெரோனிகா பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரமாகியும் ஒருத்தனும் சாகவில்லை. எழுந்துவிட்டார். "கத கேக்கணும்னா சாமியார் பிரசங்கமே போதும். வருதா, சுடு. செத்தியா, மறுபடி ஆடு. அதாண்டா வெளாட்டு" என்று நிலவனிடம் சொல்லிவிட்டு வந்தார். இப்போதும் அதே கட்சிதான்.

கணவர் பிரான்சுவா நேர் எதிர். வாரம் தவறாமல் கூட வருவார், பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் விவசாயம் பார்ப்பார். கத்தரி நட்டு, தண்ணீர் விட்டு, காத்திருந்து பறிக்கிற ஆட்டம். மாலையில் மைதானத்தில் பெத்தாங்க் ஆடும்போதும் இதே நிதானம்தான். இரும்புக் குண்டை எறிந்து சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற அந்தப் பிரெஞ்சு விளையாட்டில் புதுச்சேரிக்காரர்கள் இரண்டு கட்சி. மரக்குண்டை ஒட்டிப் பதமாகக் கொண்டுபோய் வைப்பவர் புவாந்த்தேர். அப்படி வைத்த குண்டை அடித்துத் தூக்குபவர் தீரேர். பிரான்சுவா ஒரு முழங்காலை மடித்துக் குந்தி, ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி வைப்பார். வெரோனிகாவின் அப்பா அருள்நாதனோ ஊரறிந்த தீரேர். "நான் எங்கப்பா மாரி, சுடற கட்சி. எங்க வூட்டுக்காரரு வெக்கிற கட்சி" என்று வெரோனிகா சொல்வதில் பாதி கிண்டல், பாதி பெருமை.

அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயர்களை எந்திரம் திரையில் வரிசையாகக் காட்டும். ஒரு பெயருக்கு மூன்று ஆங்கில எழுத்துதான் இடம். அந்த எழுத்துகளையும் துப்பாக்கியால் சுட்டுத்தான் போட வேண்டும். பத்து நொடிக்குள் போட்டு முடிக்காவிட்டால் எந்திரமே ZZZ என்று எழுதிக்கொள்ளும். பல மாதமாக முதலிடத்தில் இருப்பது ஒரு ZZZ. இது வெரோனிகாவுக்குத் தீராத எரிச்சல். பெயர் போடக்கூடத் துப்பில்லாதவன் எல்லோருக்கும் மேலே நிற்கிறானே என்று வாராவாரம் பொருமுவார். அதற்கு அடுத்த இடத்தில் AVE.

பிரான்சுவாவுக்கு அந்த இரண்டாமிடத்தின் மேல் தனி மரியாதை. ஆவே என்றால் மாதாவை வாழ்த்துகிற லத்தீன் சொல் அல்லவா? சாமியாருக்குப் படிக்கிற யாரோ ஒரு குருமாணவர் ரகசியமாக வந்து ஆடிவிட்டுப் போகிறார் என்று முடிவுகட்டி, கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். "பாரு வெரோ, சுடறப்பகூட மாதாவ மறக்கல. உன்ன மாரி வெறி புடிச்சா ஆடறாரு?" என்பார். வெரோனிகா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குவார்.

ஏனென்றால் அது A. வெரோனிகா, அருள்நாதன் மகள். ரேஷன் அட்டை முதல் சம்பளச் சீட்டு வரை எல்லாவற்றிலும் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் F ஆகிவிட்டது, பிரான்சுவாவின் F. இந்த எந்திரம் மட்டும்தான் எந்தச் சான்றும் கேட்கவில்லை. முதல் தடவை கை தானாக A-வைச் சுட்டது, பிறகு V, பிறகு E. அந்த மூன்று எழுத்தையும் திரையில் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைக் கணவரிடம் சொல்ல வெட்கம். மனுஷன் சங்கடப்படுவாரோ என்று கொஞ்சம் பயமும். விளையாட்டுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற இனியவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் வாயைத் திறப்பதில்லை.

சிக்கல் விரலில் வந்தது. வெரோனிகாவின் வலது ஆள்காட்டி விரல் மடங்கினால் அப்படியே பூட்டிக்கொள்கிறது. மறு கையால் இழுத்தால் டக்கென்று நிமிர்கிறது. இந்த வாரம் சின்ன அறுவைச் சிகிச்சை செய்தால் போதும், ஆனால் அதன்பின் கோடை முடியும்வரை எந்த விசையையும் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கோடை என்றால் பள்ளி விடுமுறை. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து அந்த வரிசையையே புரட்டிப்போட்டுவிடுவார்கள். AVE முதலிடத்தில் நிற்க வேண்டுமென்றால் போன ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது.

அன்று அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நெத்திலிக் கூட்டம் திரையை மூடிக்கொண்டு வந்தது. நாலு உதறலில் காலி. திருக்கை வாலை ஓங்கும் முன்பே அதற்கு வால் இல்லை. மற்ற எந்திரங்களில் இருந்தவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இனியவன் மேசையை விட்டு எழுந்து வந்தார். பிரான்சுவாகூட விளைந்த கத்தரிக்காயைப் பறிக்காமல் விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார். பேய்க்கணவாய் எழுந்தபோது வெரோனிகாவிடம் ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். "போ அந்தாண்ட, போ அந்தாண்ட" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதன் கண்ணிலேயே சுட்டார். எட்டுக் கையும் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. கடலே வெடித்துத் திரை வெள்ளையானது. புள்ளி ஏறி, ஏறி, ZZZ-ஐத் தாண்டி நின்றது. மேல்மாடி முழுக்கக் கைதட்டல். வெறுங்காலோடு குதித்தார் வெரோனிகா.

எழுத்துகள் வந்தன. பத்து, ஒன்பது என்று எந்திரம் எண்ணத் தொடங்கியது. A-வைச் சுட்டார். V-யைச் சுட்டார். விரல் பூட்டிக்கொண்டது.

"என்னாங்க, வெரலு" என்றார்.

பிரான்சுவா பாய்ந்து வந்து மனைவியின் விரலை இழுத்து நிமிர்த்தினார். டக். துப்பாக்கி இப்போது கணவர் கையில்.

"இன்னா எழுத்து?"

"E."

திரையில் இருந்த இரண்டு எழுத்தையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். குருமாணவர் யார் என்பது புரிந்துவிட்டது.

"A-ன்னா?"

"எங்கப்பா" என்றார் வெரோனிகா.

மூன்று. அவர் சும்மா நின்றாலே போதும், ZZZ வந்துவிடும். இரண்டு.

பிரான்சுவா ஒரு முழங்காலை மடித்துக் குந்தினார். ஒரு கண்ணை மூடினார். மூச்சை அடக்கி, மரக்குண்டை ஒட்டிப் பதமாக வைக்கிற அதே நிதானத்தில், E-யைச் சுட்டார்.