விசிறிக்குக் கீழே ஜப்பானும் சீனாவும்

அன்று கேண்டீனில் இருந்தவர்கள்: ஹெட்கிளார்க். அவரை அங்கே போடோபாபு என்பார்கள். யூனியன் தலைவர். அவரை எல்லோரும் தாதா என்பார்கள். கல்கத்தாவில் தாதா என்றால் அண்ணன். டைப்பிஸ்ட் அம்மா. தமிழ்க்காரர், பிறந்து வளர்ந்தது அதே ஊர் டாலிகஞ்சில். நான், சமையல். ஒரு மின்விசிறி.

தொண்ணூறுகளின் கடைசி. கார்டன் ரீச்சில் ஒரு ஆபீஸ். வைகாசி வெயில். விசிறிக்கு நேர் கீழே ஒரு ஆளுக்குத்தான் காற்று வரும். அந்த நாற்காலி பல வருஷமாக போடோபாபுவுடையது.

என் லீவு மனு அவர் மேஜையில் கிடந்தது. தங்கை மகள் கல்யாணம், திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டு நாள் கேட்டிருந்தேன். மூன்று வாரமாகக் கையெழுத்து ஆகவில்லை.

அன்றைக்குச் சண்டை உலகத்தைப் பற்றி. அந்த ஆபீசில் யாரும் ஆபீஸ் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. உலகத்தில் அதிகம் உற்பத்தி செய்கிற நாடு அமெரிக்கா. அதில் தகராறு இல்லை, செங்கொடிக்காரர் தாதாவுக்கு வருத்தம் மட்டும். இரண்டாவது யார்?

“ஜப்பான்,” என்றார் போடோபாபு.

“சீனா,” என்றார் தாதா.

இருவர் சட்டைப்பையிலும் பேப்பரிலிருந்து வெட்டிய துண்டு இருந்தது. இரண்டிலும் பட்டியல் இருந்தது.

“உன் பேப்பர் உன் கட்சிக்காரன் அடிச்சது.”

“உங்க பேப்பர் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது.”

பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் துர்கா பூஜை வரை விசிறி நாற்காலியில் உட்காரக் கூடாது. அங்கே பந்தயத்துக்கு ஒரு முறை உண்டு. வங்காளி தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவனுக்கும் ஒரு கட்சி இருக்கும். வெளியூர்க்காரன்தான் சொல்ல வேண்டும்.

“டாக்குர், நீ சொல்லு,” என்றார் போடோபாபு. சமையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. துண்டுகளை டைப்பிஸ்ட் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

“அண்ணே, ரெண்டும் சரிதான். இது எல்லாத்தையும் டாலரா மாத்திக் கூட்டினது. அதுல ஜப்பான். இது அந்தந்த ஊர் விலைவாசியைச் சரிக்கட்டிக் கூட்டினது. அதுல சீனா.”

“புரியற மாதிரி சொல்லுங்கம்மா.”

“உங்க தோசை இங்க ரெண்டு ரூபா. டோக்கியோவுல இருநூறுன்னு வைங்க. காசை எண்ணினா, அங்க ஒரு தோசை சுட்டவனும் இங்க நூறு சுட்ட நீங்களும் ஒண்ணு.”

எனக்கு அது பிடிக்கவில்லை. நூறுக்கும் அடுப்படியில் நிற்பது நான்.

“தோசையை எண்ணினா?”

“நூறு நூறுதான்.”

லீவு நினைவு வந்தது. ஜப்பான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்து வரும். போடோபாபுவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் தோசைக் கரண்டி இருந்தது.

“காசை எண்ணினா ஜப்பான். தோசையை எண்ணினா சீனா. ரெண்டு கணக்கு இருக்கு, பாபு.”

யாரும் தோற்கவில்லை. தாதா தன் நாற்காலியை இழுத்துவந்து, விசிறி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி, ஒட்டிப் போட்டார். விசிறி நடுவில் சுற்றியது. போடோபாபுவுக்கு இடது பக்கம் வேர்த்தது, தாதாவுக்கு வலது பக்கம். இருவரும் எழுந்திருக்கவில்லை.

“இந்தியா எத்தனாவதுன்னு யாரும் கேக்கலை பாத்தீங்களா,” என்றார் டைப்பிஸ்ட் அம்மா, மெதுவாகத் தமிழில்.

“கேக்க வேண்டாம். இன்னொரு பந்தயம் கட்டுவாங்க.”

சாயங்காலம் போடோபாபு கூப்பிட்டார். மனுவில் கையெழுத்து இருந்தது. பன்னிரண்டை அடித்துவிட்டு ஆறு என்று எழுதியிருந்தார்.

“பாபு, நான் கேட்டது பன்னிரண்டு.”

“உன் கணக்குல பன்னிரண்டு. என் கணக்குல ஆறு. ரெண்டு கணக்கு இருக்குன்னு நீதானே சொன்னே.”

அவர் சட்டை இடது தோளில் இன்னும் ஈரமாக இருந்தது. மனுவை வாங்கிக்கொண்டேன்.

ஊர் போக ரயிலில் இரண்டு நாள். திரும்பி வர இரண்டு நாள். கல்யாண வீட்டில் நான் இருந்த நாள், இரண்டு.