அப்பாவின் காளாஞ்சி

வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குப் போன வழியில் படையினர் அப்பாவை மறித்து ஏற்றிக்கொண்டு போனபோது எனக்குப் பத்து வயது. ஏழெட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அதற்குள் வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வந்துவிட்டது. எவ்வளவு பயமிருந்தாலும் அம்மாளைப் பட்டினி போட முடியுமா? வழக்கமான இராப் பூசையைப் பகலிலேயே வைத்தார்கள்.

பூசை முடிந்ததும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஊரின் வம்சங்களை ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடியின் மூத்தவர் முன்னே போய் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த காளாஞ்சித் தட்டை வாங்குவார். தன் குடிக்கு அப்பாதான் வாங்குவார். எழும்பியதும் வேட்டியை ஒருமுறை உதறிக் கட்டிவிட்டுத்தான் நடப்பார்.

அன்று அப்பாவின் குடியைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அடுத்து முறைப்படி போக வேண்டியவர் அப்பாவின் சகோதரியான மாமியின் மூத்த மகன், என் மச்சான். அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சாரனை உதறிக் கட்டிக்கொண்டு முன்னே போனேன்.

“போடியார் வாறார், வழி விடுங்கடா” என்று, பெரிய வயல்காரர் ஒருவர் வருவதுபோலச் சொல்லி, பின்னாலிருந்து யாரோ சிரித்தார்.

“அப்பாட இடத்துக்கு நான் வந்திருக்கன்” என்று கை நீட்டினேன்.

வண்ணக்கர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “மனே, நீ கொம்மாட குடிடா. உன்ட மாமா வாங்கினதுதான் உனக்கும்.”

பிள்ளைக்குத் தாயின் குடி என்பது எங்கள் பக்கத்து முறை. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்பாவும் இல்லை, அவர் குடியும் இல்லை என்றால் நான் யார்?

“அப்ப நான் அப்பாட ஆள் இல்லையா?” என்று கத்தினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா ஓடிவந்து முதுகில் ஓங்கி அடித்தார். அதுவரை என்னை அவர் அடித்ததேயில்லை.

“அவர் வருவார்டா! வந்து அவரே வாங்குவார்!”

நெற்றிப் பொட்டு கலைய அம்மா அம்மாளின் முன்னே விழுந்துவிட்டார். வண்ணக்கர் அந்தத் தட்டை அம்மாளின் காலடியில் வைத்துவிட்டு அடுத்த குடியைக் கூப்பிட்டார்.

குடிமுறை தவறியதற்கு விழுந்த அடி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மச்சான் அதன் பிறகும் வருசக்கணக்கில் எழும்பாமலிருந்ததைப் பயம் என்று நினைத்தேன்.

இன்று என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. கோயிலில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். என் குடியைக் கூப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்போதெல்லாம் அந்தப் பகல் வந்துவிடுகிறது. கோயில் நிறைந்த சனத்தில் அப்பாவின் தட்டுக்குக் கை நீட்டி, அவர் இனி வரமாட்டார் என்று முதலில் எழும்பிச் சொன்னவன் நான்தான்.