ஆறுமுகத்தாய் சித்தியும் கரண்ட் இல்லாத மத்தியானங்களும்

தறி ஓடிக்கொண்டிருந்தால் எங்கள் தெருவில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. கரண்ட் போனால்தான் கேட்கும். எண்பத்து மூன்றில் மழை இல்லை. மத்தியானம் போகிற கரண்ட் சில நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வரும். போன உடனே சங்கரன்கோவிலில் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் ஆறுமுகத்தாய் சித்தியின் முதுகில் அடி விழுகிற சத்தம் கேட்கும்.

நான் ஷம்சாத் பேகம். அப்போது ஏழாம் வகுப்பு. சித்தியின் மகள் அன்னக்கிளியும் என் வகுப்புதான். சொந்தம் ஒன்றும் இல்லை. அவள் என் உம்மாவைச் சாச்சி என்பாள், நான் அவள் அம்மாவைச் சித்தி என்பேன். அன்னக்கிளியின் அப்பா குருநாதன் இன்னொருவர் தறிக்கொட்டகையில் கூலிக்குத் தறி ஓட்டினார். கரண்ட் நின்றால் அவருக்கு வேலை இல்லை, சாராயக்கடைக்குப் போவார். கடையிலிருந்து வந்தால் கை சும்மா இராது. சோறு ஆறியிருந்தாலும் அடி, கொதித்தாலும் அடி.

அந்த நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருப்பதற்காகத்தான் சித்தி ராட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். தறிக்குத் தார் சுற்றி, அதாவது சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பதுதான் உம்மாவுக்கும் அவளுக்கும் வேலை. கைராட்டைக்குக் கரண்ட் வேண்டாம். எங்கள் வாப்பா சேலை மூட்டையோடு ரயிலேறிக் கொல்லம் பக்கம் போனால் வர மாசமாகும். ஆம்பளை இல்லாத வீடு. ராட்டை இரண்டும் சுற்ற, அன்னக்கிளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த பிள்ளைகள் நாவலைச் சத்தமாக வாசிப்பாள். சர்க்கஸிலிருந்து நொண்டிக் குதிரையோடு ஓடிப்போகிற ஒரு பெண்பிள்ளையின் கதை.

இரண்டாம் நாளே நான் ஒரு சட்டம் போட்டேன். நாலு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. சித்தி நாலாம் வகுப்பு படித்தவள். பெரிய வார்த்தை வந்தால் மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி நின்று நின்று போவாள். உம்மாவுக்கு ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் எனக்கும் அன்னக்கிளிக்கும் உயிர் போகும். ஆனாலும் அவர்கள் புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளை ரெண்டு நாளா காட்டுல ஓடுது. என்ன சாப்பிட்டுச்சின்னு எழுதவே இல்லியே?" என்பாள் சித்தி.

"குதிரைக்குக் காலு சரியாச்சான்னு பாப்போம்மா," என்பாள் அன்னக்கிளி.

"குதிரை புல்லைத் தின்னுக்கிடும். பிள்ளை?"

சர்க்கஸ்காரன் அந்தப் பெண்ணைச் சாட்டையால் அடிக்கிற பக்கம் சித்தியின் முறைக்கு வந்தது. பாதியில் நிறுத்தினாள். "இவனை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவளா?" என்றாள். ராட்டையைப் பார்த்துக்கொண்டே உம்மா, "நம்ம தெருவுல யாரு கேட்டா?" என்றாள்.

அந்த வாரமே குருநாதன் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "எங்கட்டி போன?" என்று கேட்டிருக்கிறார். சித்தி பொய் சொல்லவில்லை. "கதை வாசிக்கப் போனேன்" என்றிருக்கிறாள். அவர் கையில் நாடா இருந்தது. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஊடை போடுமே, இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த கட்டை. அதை வீசினார். நெற்றி பிளந்தது. மறுநாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சித்தி வந்தாள். உம்மா, "இன்னைக்கு நீ வாசிக்க வேண்டாம்" என்றாள். "என் முறை" என்று சித்தி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். குனிந்து வாசிக்கும்போது துணியை மீறி ரத்தம் சொட்டி எழுத்தின் மேல் விழுந்தது. முந்தானையால் ஒற்றிவிட்டு மேலே வாசித்தாள்.

ஒரு புதன்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உம்மா அடுப்படியில் இருந்தாள். சித்தி ராட்டை சுற்ற, அன்னக்கிளி வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தைப் பிடுங்கி அதனாலேயே அவள் காதோடு சேர்த்து அடித்தார். அவள் கத்தக்கூட இல்லை, அப்படியே சுவரில் சாய்ந்தாள். காதிலிருந்து ரத்தம் நூல் மாதிரி இறங்கியது. முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

அதுவரை சித்தி திருப்பி அடித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பாய்ந்து அவர் கையைக் கடித்தாள். கவ்வினவள் விடவில்லை. அவர் மற்றக் கையால் குத்திக் கீழே தள்ளி அவள் கழுத்தில் காலை வைத்து மிதித்தார். சித்தியின் கண்கள் பிதுங்கின. நான் "உம்மா, உம்மா" என்று அலறினேன்.

உம்மா உலக்கையோடு வந்தாள். முதல் அடி மண்டையில் விழுந்தது. அவர் திரும்பினார். இரண்டாவது அடி தோள்பட்டையில் விழுந்தபோது காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அவர் விழுந்தார். தரையில் ரத்தம் பரவி நூல் கூடை வரைக்கும் வந்தது.

தறிக்காரர்கள் ஓடி வந்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. நினைவு வந்ததும் அவர் சொன்ன முதல் பேர், மைமூன். அது என் உம்மா பேர். அதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் அவருடைய அண்ணன் சங்கரசுப்பு.

பொழுது சாய்வதற்குள் தெரு முனையில் கூட்டம் கூடிவிட்டது. "துலுக்கச்சி நம்ம ஆளு மண்டையைப் பொளந்துட்டா" என்று ஒருவன் கத்தினான். கம்பு வைத்திருந்தார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. பள்ளிவாசல் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு பிள்ளை ஓடி வந்து சொன்னது. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம். "நான் போயி நான்தான்னு சொல்லிருதேன். என்னை என்ன வேணாலும் செய்யட்டும்," என்றாள் உம்மா.

சித்தி உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "மைமூனக்கா, நீ அடிச்சேன்னா ஊரு பத்திக்கும். நான் அடிச்சேன்னா அது புருசன் பொண்டாட்டி சண்டை. நீ வாயைத் தெறக்கப்பிடாது," என்றாள். என்னைப் பார்த்து, "உங்கம்மா வாயைப் பொத்திக்க, மக்கா" என்றாள். நிஜமாகவே நான் உம்மாவின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

சித்தி வெளியே போய் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள். உலக்கை மடியில் கிடந்தது, அதன் முனையிலிருந்த இரும்புப் பூணில் ரத்தம் காயவில்லை.

"நான்தான் அடிச்சேன். இத்தனை வருசம் வாங்குனதுல ஒரு நாளு திருப்பிக் குடுத்தேன்."

"ஏட்டி, பொய் சொல்லாத. அவன் சொல்லிட்டான்," என்றார் சங்கரசுப்பு.

"குடிச்சவன் கண்ணுக்கு யாரு தெரியும் அத்தான்?"

"உலக்கை அவ வீட்டுது."

"கழுத்துல கால வச்சு மிதிக்கையில, நான் என் வீட்டுக்குப் போயி என் உலக்கையை எடுத்துட்டு வரணும்னு சொல்லுதியளா?"

கூட்டத்தில் எவனோ சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் சங்கரசுப்பால் தாங்க முடியவில்லை. கம்பை ஓங்கினார். சித்தி தடுத்த கையில் விழுந்தது, மணிக்கட்டு ஒடிந்தது. அடுத்தது வாயில் விழுந்தது. ரத்தத்தோடு பல்லைத் துப்பிவிட்டு அவள் அங்கனயே உட்கார்ந்திருந்தாள். கதவு இடுக்கு வழியாக அவள் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது அடிக்கும் அந்த முதுகு நகரவில்லை.

எதிர்வீட்டுப் பேச்சித்தாய் அக்கா அப்போதுதான் தெருவில் இறங்கி வந்தாள். "வே சங்கரசுப்பு, கம்பைக் கீழ போடும். உம்ம தம்பி இவளை அடிச்சது என் காதுல விழாத நாளு கெடையாது. இவதான் அடிச்சா. நான் கண்ணால பாத்தேன்," என்றாள். அவள் அந்த நேரம் தெருவிலேயே இல்லை, குழாயடியில் இருந்தாள் என்று எங்களுக்குத் தெரியும். இன்னொருத்தி, "ஆமா, நானும் பாத்தேன்" என்றாள். மண்ணெண்ணெய் டின் வைத்திருந்தவன் அதைக் காலுக்குப் பின்னால் மறைத்தான். பொண்டாட்டி அடித்ததற்கு யார் வீட்டைக் கொளுத்துவது? பள்ளிவாசல் ஆட்கள் வந்து சேர்ந்தபோது போலீஸ் ஜீப்பும் வந்துவிட்டது. சித்தியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் உள்ளே இருந்த நாளெல்லாம் உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பா கொல்லத்திலிருந்து வந்து, உம்மாவை அழைத்துக்கொண்டு ஜெயிலுக்குச் சித்தியைப் பார்க்கப் போனார். "நான் உண்மையைச் சொல்லிருதேன் ஆறுமுகம்" என்று உம்மா அழுதிருக்கிறாள். "சொன்னா உன் முகத்துல முழிக்க மாட்டேன். போயி என் பிள்ளை காதைக் காட்டு" என்றிருக்கிறாள் சித்தி. டாக்டரிடம் காட்டினோம். சவ்வு கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு அன்னக்கிளிக்கு இடது காது கேட்கவே இல்லை.

கோர்ட்டில் குருநாதன் சித்தப்பா தோளில் கட்டோடு நின்றார். யார் அடித்தது என்று கேட்டார்கள். பொண்டாட்டி அடித்தாள் என்பதா, அடுத்த வீட்டுப் பொம்பளை அடித்தாள் என்பதா? இரண்டையும் அவர் வாய் சொல்லவில்லை. "யாரும் அடிக்கல. குடிச்சிருந்தேன். தறி மேல விழுந்துட்டேன்," என்றார். கேஸ் அதோடு முடிந்தது.

சித்தி வெளியே வந்ததும் அவருடைய வேட்டி சட்டையை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிச் சங்கரசுப்பு வீட்டு வாசலில் போட்டாள். சித்தப்பா ஒரு தடவை குடித்துவிட்டு வந்து சித்தி வீட்டுக் கதவை உதைத்தார். பேச்சித்தாய் அக்காவும் தெருப் பெண்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் திரும்பிப் போனார். பிறகு வெளியூர்த் தறிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

வாசிப்பு நிற்கவில்லை. பேச்சித்தாய் அக்கா தன் மகளோடு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொரு அம்மா, இன்னொரு மகள். கன்னம் வீங்கி வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தைக் கையில் கொடுத்தோம். முன்பல் போனதால் சித்தி வாசிக்கும்போது காற்று விசிலடிக்கும். நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். கொள்ளைக்காரர்கள் வருகிற ஒரு கதையில், ஒரு பெண் கொள்ளைத் தலைவனைக் கிணற்றில் தள்ளுகிற அத்தியாயத்தை மட்டும் அம்மாமார் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

எண்பத்து ஒன்பதில் அன்னக்கிளிக்கு மாப்பிள்ளை பார்த்தோம். பனவடலிசத்திரத்துப் பையன், பேர் மருதப்பன், லாரி ஓட்டினான். பூ வைக்க வந்த அன்றைக்குச் சித்தி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். உம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"தம்பி, என்னைப் பத்தி ஊருல விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சோம் அத்தை."

"என்ன சொன்னாவ?"

"புருசன் மண்டையை உலக்கையால ஒடைச்சவுகன்னு சொன்னாவ."

"அது போதும். பிள்ளைக்கு எடது காது கேக்காது. சொல்லணும்னா வலது பக்கம் வந்து சொல்லுங்க. கையை ஓங்கணும்னு தோணிச்சின்னா, அதுக்கு முன்னால இங்கன வந்து என்னையப் பாத்துட்டுப் போங்க."

அவன் சித்தியின் கோணிப்போன மணிக்கட்டையே பார்த்தான். உம்மா தரையைப் பார்த்தாள்.

மருதப்பன் இன்றுவரை அன்னக்கிளி மேல் கை வைத்ததில்லை. அது அவன் குணமா, அந்தப் பயமா என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். "ரெண்டுல எதுவா இருந்தா என்னட்டி?" என்றாள்.