மோட்டருக்குச் சொன்னேன், மண்வெட்டிக்குச் சொல்லவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் ஒரு சாமத்திய வீடு. என் மனைவி சுகந்தியின் தங்கை மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள். பந்தியில் வடை வந்துகொண்டிருந்த நேரம் நான் எழுந்து, போனை உயரத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் இஞ்ச பாருங்கோ!" என்றேன்.

பார்த்தார்கள். திரையில் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினேன். 'மோட்டர் ஓடுகிறது' என்று எழுத்து வந்தது.

"கனகராயன்குளத்தில எங்கட கிணத்து மோட்டர் ஓடத் தொடங்கியிட்டுது. மிளகாய்க்குத் தண்ணி போகுது!"

"அத்தான், உண்மையாவோ?" என்று சுகந்தியின் தங்கை வாயைப் பிளந்தார். யாரோ கைதட்டினார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்? இரண்டாவது வடையையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த வடை செமிக்கவேயில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பின்வளவு மிளகாய்த் தோட்டம் சுகந்தியின் ராச்சியம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தால் நேரே அங்கேதான். புதிதாக நட்ட கன்றுகள் ஒரு பொழுது தண்ணீர் தவறினாலும் தலை தொங்கிவிடும். அதனால் கன்று நட்ட காலத்தில் அவர் எங்கும் தங்குவதில்லை. கல்யாணமோ, திருவிழாவோ... முகத்தைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். இந்த முறை தங்கை அழாத குறையாகக் கேட்டிருந்தார்: "அக்கா, ஒரு இரவாவது நில்லுங்கோவன்."

"நீர் நில்லும். தண்ணியை நான் பாக்கிறன்" என்றேன் நான்.

"நீங்களும் அங்க வரத்தானே வேணும். எப்பிடிப் பாப்பியள்?"

"போனில!"

கிளவுட் எஸ்டிகே என்று ஒன்று இருக்கிறது. பயப்படாதீர்கள், நானும் முதலில் பயந்தவன்தான். கடல் கடந்து எங்கோ இருக்கும் பெரிய கணினிகளோடு நம் வீட்டுக் கருவி கதைப்பதற்கு வேண்டிய புரோகிராம்களை அவர்களே எழுதி, ஒரு பொதியாகக் கட்டித் தருகிறார்கள். அதை இறக்கி, தீப்பெட்டி அளவு சர்க்கிட் பலகையில் ஏற்றினால், பலகை கிளவுட்டுக்கு வணக்கம் சொல்லும்.

என்னுடையது சொல்லவில்லை. 'சான்றிதழ் செல்லாது' என்று திரும்பத் திரும்ப வந்தது. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது — கரண்ட் நின்று வரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகை, இது 1970ஆம் ஆண்டு, சான்றிதழின் திகதி இன்னும் வரவேயில்லை என்று நினைத்துக்கொள்கிறது! இன்றைய திகதியை இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள் என்று ஒரு வரி எழுதினேன். இணைந்தது. அறைக்குள் இருந்தபடி போனை அழுத்த, கட்டளை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து எங்கள் குசினியில் அடுப்புக்கு மேல் இருந்த லைட்டை எரித்தது.

"சுவிட்ச் இதில பக்கத்திலதானே இருக்கு?" என்றார் சுகந்தி. விஞ்ஞானத்தின் அருமை தெரியாத மனுசி!

பிறகு லைட்டுக்குப் பதில் மோட்டர். கடைசிப் பாத்தியில் ஈரம் பார்க்கும் ஒரு சென்சர். கடைசிப் பாத்தி நனைந்ததும் மோட்டர் தானாக நின்றுவிடும். கடைசி நனைந்தால் முன்னால் உள்ளவை எல்லாம் நனைந்திருக்கத்தானே வேண்டும்? என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சரி, பந்திக்கு வருவோம். பாயாசம் வந்தது. போனைப் பார்த்தேன். 'மோட்டர் ஓடுகிறது. மண் உலர்ந்திருக்கிறது.' ஐஸ்கிரீம் வந்தது. மறுபடி பார்த்தேன். அதே இரண்டு வரி. இந்த வெயிலுக்கு மண் நன்றாகக் குடிக்கிறதாக்கும் என்று இருந்துவிட்டேன். அங்கே சுகந்தி தங்கையோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். இரவு நிற்பதாகச் சொல்லியும் விட்டார்.

அப்போதுதான் பக்கத்துக் காணி மனோகரன் அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எங்க நிக்கிறியள்?"

"வவுனியாவில, அண்ணை."

"அப்ப ஆர் தண்ணி மாறுறது? மோட்டர் ஓடுது, வளவுக்குள்ள ஒரு குருவியும் இல்லை. வெள்ளம் வந்து என்ர முத்தத்தில காயப்போட்ட கச்சானெல்லாம் மிதக்குது!"

ஐயோ, அவ்வளவும் வேர்க்கடலை!

தண்ணீர் மாறுவது... வாய்க்காலில் வரும் தண்ணீரை ஒரு பாத்திக்குள் விட்டு, நிறைந்ததும் மண்வெட்டியால் மண் இழுத்து அடைத்து, அடுத்த பாத்தியை வெட்டித் திறப்பது. பின்னேரம் தோறும் அதைச் செய்பவர் யார்? நான். 'இந்த வீட்டில் மாடாய் உழைக்கிறேன்' என்று அலுத்துக்கொள்பவர் யார்? அதுவும் நான்தான்! ஒரு விநாடியில் போடும் சுவிட்சுக்குக் கிழமைக்கணக்கில் புரோகிராம் எழுதிய மனுசன், குனிந்து நிமிர்ந்து தான் செய்யும் வேலையை மறந்தே போனேன். முதல் பாத்தி நிறைந்து, வரம்பு உடைந்து, தண்ணீர் எல்லாம் அண்ணையின் முற்றத்துக்கு. கடைசிப் பாத்தி எங்கே நனையப் போகிறது? சென்சர் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மோட்டர் நின்றுவிட்டதாக அண்ணை சொன்னார்.

விசயத்தைச் சொன்னதும் சுகந்தி தங்கையின் கையை விட்டு எழுந்தார். உள்ளே போய், மாற்றுச் சேலை வைத்த பையை எடுத்துக்கொண்டு வந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஓமந்தை தாண்டியும் பஸ் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம்... எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, அழுகையே வந்துவிட்டது.

பொழுது படுவதற்குள் வந்து சேர்ந்தோம். முதல் பாத்திக் கன்றுகள் சேற்றில் படுத்திருந்தன. மற்றவை வாடித் தொங்கின. கிணற்றில் அடி தெரிந்தது. மனோகரன் அண்ணை ஏசுவார் என்று நின்றேன். அவரோ தன் கிணற்று மோட்டரைப் போட்டு, அதன் ஓஸ் குழாயை வேலிக்கு மேலால் எறிந்தார்.

"பிடியுங்கோ தம்பி. கச்சானைப் பிறகு பாப்பம்."

மண்வெட்டியோடு இறங்கினேன். சேற்றில் கிடந்த கன்றுகளில் பாதி போய்விட்டன. மற்றவை அடுத்த நாள் காலை தலை நிமிர்ந்தன. அன்று முழுக்க அண்ணை வீட்டு முற்றத்தில் கச்சான் துழாவிக் காயவைத்ததும் நான்தான்.

நேற்று சுகந்தி திரும்பவும் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு இரவு நிற்பாராம். நான் போகவில்லை. புரோகிராமில் ஒரேயொரு மாற்றம் — பச்சைப் பொத்தான் இப்போது அவரது போனில்.

பின்னேரம் அழைப்பு வந்தது.

"இஞ்சேருங்கோ, மோட்டரைப் போடப் போறன். மண்வெட்டியோட நிக்கிறியளோ?"

"ஓம், நிக்கிறன்."

"முடிஞ்சதும் கடைசிப் பாத்தியைப் படம் எடுத்து அனுப்புங்கோ."

"அதுக்குத்தானே அதில சென்சர் வைச்சிருக்கு?"

"அது மண்ணைப் பாக்கும். உங்களை ஆர் பாக்கிறது?"

படம் அனுப்பினேன். கட்டளை வவுனியாவில் இருந்து வருகிறது, வேலை இங்கே நடக்கிறது, நிலைவரம் உடனுக்குடன் போகிறது. ஆக, எங்கள் வளவில் ஒழுங்காக இணைக்கப்பட்டிருக்கும் கருவி நான்தான்.

என்ன, தேத்தண்ணியை மட்டும் கருவியே போட்டுக் குடிக்க வேண்டியிருக்கிறது!